எவே மக்களுக்கு ஒரே ராஜா என்று எவன் சொன்னான்?

எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், ஆளுக்கு நாலு சிரிப்பு பொம்மையும் போட்டுவிட்டீர்கள், அதனால் அந்த வீடியோவை மறுபடி இங்கே பகிரப்போவதில்லை. "20 லட்சம் பேருக்கு ராஜா, ஜெர்மனியில் கார் மெக்கானிக்" என்று, கானாக்காரர் செஃபாஸ் பன்சாவை எவே மக்கள் அத்தனை பேருக்கும் ராஜாவாகக் காட்டுகிற வீடியோ. அதன் கீழே, அப்படி ஒரு ராஜா இல்லை என்று நான் எழுதிய ஒரு கமெண்டுக்கு நேற்றிலிருந்து வந்துகொண்டிருக்கும் பதில்களைப் படித்துப் படித்து, சரி, தனிப் பதிவாகவே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். "அண்ணே, உங்களுக்கு எத்தனை ஆடு குடுத்தாங்க?" என்று கேட்ட தம்பிக்கும் சேர்த்துத்தான்.

எவே மக்களுக்கு ஒற்றை ராஜா கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவின் வோல்டா பகுதி, தெற்கு டோகோ, கொஞ்சம் பெனின் என்று பரவியிருக்கிற அந்த மக்களுக்கு ஊருக்கு ஊர் தலைவர், பகுதிக்குப் பகுதி பெருந்தலைவர். தங்களை ஒருத்தன் மொத்தமாக ஆண்டான் என்று அவர்களே சொல்லும் கதை ஒன்று உண்டு. அந்தக் கதையிலும் அவனைவிட்டு ஓடித்தான் வருகிறார்கள்!

இன்றைய டோகோவில் நொட்ஸே என்ற ஊர். அகொகொலி என்ற கொடுங்கோலன். ஊரைச் சுற்றிப் பெரிய மண்சுவர். பெண்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் துணி அலசிய தண்ணீரையும் தினமும் சுவரின் ஒரே இடத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தார்களாம். சுவர் ஊறி இளகியதும், காவலுக்குச் சந்தேகம் வராதபடி ஒரு பக்கம் பறை முழங்க, ராத்திரியோடு ராத்திரியாக உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள், அதுவும் காலடித் தடம் ஊருக்குள் போவதுபோலத் தெரிய வேண்டுமென்று பின்னோக்கி நடந்து. எவேக்களில் ஒரு பிரிவினரான அன்லோக்கள் 1962 முதல் நவம்பரில் தங்கள் ஊரான அன்லோகாவில் ஹொக்பெட்சொட்சோ என்று விழா எடுப்பது இந்த ஓட்டத்தை நினைத்துத்தான். ராஜாவிடமிருந்து தப்பித்ததைத் திருவிழாவாகக் கொண்டாடுகிற ஜனத்துக்கு நீங்கள் வாட்ஸாப்பில் ராஜா பட்டம் கட்டுகிறீர்கள்.

செஃபாஸ் பன்சா பொய் ஆள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. லுட்விக்ஸ்ஹாஃபனில் ஒர்க்‌ஷாப் நடத்தியவர்தான், ஊருக்குத் தண்ணீர் பம்பு, பள்ளிக்கூடம் என்று பணம் திரட்டிக் கொடுத்தவர்தான், அதற்கு என் மரியாதை உண்டு. ஆனால் அவருடைய பட்டம் வளர்ச்சிப் பணிக்கென்று கொடுக்கப்படும் தலைமைப் பட்டம். அவருடைய ஊரான ஹோஹோயே இருக்கிற க்பி பகுதிக்குப் பெருந்தலைவர் என்று தனியாக ஒரு பீடம் இருக்கிறது, கபுசு என்ற பெயரில் வழிவழியாக வருகிறது. வீடியோ போட்டவர் இரண்டு நிமிடம் தேடியிருந்தால் போதும். தேடினால் வியூஸ் வராதே.

கானாவின் டெமா நகரத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் எங்கள் கிடங்கைப் பார்த்துக்கொண்ட பெரியவர், கேட்டா என்ற எவே ஊர்ப் பக்கத்துக்காரர். ஒருமுறை லீவில் ஊருக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். தலைவரைப் பார்க்காமல் அங்கே தங்குவது மரியாதை இல்லை என்று வழியிலேயே ஒரு ஷ்னாப்ஸ் சாராய பாட்டில் வாங்க வைத்தார். வாசலில் செருப்பைக் கழற்றினோம். முதலில் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்த பிறகுதான் வந்த காரியம் என்ன என்று கேட்டார்கள். தலைவரிடம் நேராகப் பேச முடியாது. சியாமி என்று ஒருவர் கோலோடு பக்கத்தில் இருப்பார், அவரிடம் சொன்னால் அவர் தலைவரிடம் சொல்வார், மூன்றடி தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கும் தலைவரிடம்! பதிலும் அதே வழியாகத்தான் திரும்பி வரும்.

எங்களுக்கு முன்னால் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மணலில் சின்ன வெங்காயம் போடுவார்கள், ஒவ்வொரு பாத்தியும் உயிர் மாதிரி. ஏதோ வரப்புத் தகராறு. தலையில் துணி சுற்றிய ஒரு பாட்டி எழுந்து நின்று பெரியவர்களை விரல் நீட்டி வாங்கு வாங்கென்று வாங்கினார். தலைவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு பெரியவர்கள் எழுந்து வெளியே மரத்தடிக்குப் போய் தங்களுக்குள் பேசிவிட்டு வந்தார்கள், முடிவை ஒருவர் சொன்னார், தலைவர் தலையசைத்தார். அன்றைக்கு அவர் செய்த ஆட்சி அவ்வளவுதான். நான் கேட்காமலேயே எங்கள் பெரியவர் காதோரம் சொன்னார்: "பாஸ், இவர் தன்னிஷ்டத்துக்கு முடிவெடுத்தால் அந்த ஸ்டூலில் வேறு ஆள் உட்காருவார்."

ஸ்டூல் என்றால் ஸ்டூல்தான், மரத்தில் செதுக்கியது, அதுதான் தலைவரின் பீடம். கிரீடத்தை வைத்து வீடியோ எடுக்கிறவர்கள் அதைக் காட்டுவதில்லை.

"என்ன இருந்தாலும் பரம்பரை ஆட்சிதானே தோழர்" என்று ஒருவர். சரி, பரம்பரைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்பனுக்குப் பிறகு மகன் என்று கண்ணை மூடிக்கொண்டு போவதில்லை. அன்லோவில் குலங்கள் 15. அவர்களின் பெருந்தலைவரான அவோமேஃபியா பதவி அட்ஸோவியா, பாட்டே என்ற இரண்டு குலங்களுக்கு மாறி மாறிப் போக வேண்டும் என்பது மரபு. யாரை உட்கார வைப்பது என்று பெரியவர்கள் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும், சரியில்லை என்றால் இறக்கவும் வழி இருக்கிறது. கானாவின் 1992 அரசியல் சட்டம் தலைவர் பீடத்தை அங்கீகரித்துவிட்டு, பீடத்தில் இருப்பவர் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது, நாடாளுமன்றத்துக்கு நிற்க வேண்டுமானால் பீடத்தை விட்டு இறங்கிவிட்டு வா என்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு விதி வந்தால் யார் யார் வேலை இழப்பார்கள் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன். பெயர் சொல்லமாட்டேன், நமக்கு ஏன் வம்பு.

அடுத்தது, "அங்கே பீடத்துக்காக வெட்டிக்கொண்டு சாகிறார்களே." ஆமாம். 1990களின் பிற்பகுதியில் அவோமேஃபியா இறந்த பிறகு வாரிசுத் தகராறு பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது, 2007 நவம்பரில் அன்லோகாவில் மோதலாகி உயிர்களும் போயின. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வார்டு தேர்தலுக்கு வெட்டுக்குத்து பார்த்த ஊர்க்காரர்கள் இதைச் சொல்லும்போதுதான் எனக்குக் கொஞ்சம் பொறுக்கவில்லை. பெண்களைப் பற்றிக் கேட்ட தங்கையின் கேள்வி நியாயமானது. பெண் தலைவர்கள் உண்டு, "மாமா" (நம் தாய்மாமன் இல்லை) என்று பட்டம் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இருந்தும் தலைவர்கள் மன்றங்கள் ஆண்களின் மன்றமாகவே நடந்துவருகின்றன. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த "ஒரே பெரிய ராஜா" ஆசை யாருடையது தெரியுமா? வெள்ளைக்காரனுடையது. முதல் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டன் கையில் வந்த டோகோலாந்துப் பகுதியில் 68 சின்னச் சின்னத் தலைமைகள். இத்தனை பேரிடம் யார் மல்லுக்கட்டுவது என்று 1930களில் அவற்றில் பெரும்பாலானவற்றை நாலே நாலாகச் சேர்த்துக் கட்டினார்கள். எங்களுக்கு மேலே இன்னொருத்தனா என்று சேர மறுத்த தலைவர்களும் இருந்தார்கள். அன்று வெள்ளை அதிகாரி வசதிக்குச் செய்ததை இன்று நம் ரீல்ஸ்காரர் லைக்குக்குச் செய்கிறார், 20 லட்சத்தையும் சேர்த்து ஒரே தலையில் கட்டிவிட்டார்.

அப்புறம் அந்த இடது கை. பன்சாவின் அப்பாவும் அண்ணனும் இடது கைப் பழக்கம் உள்ளவர்கள், இடது கை சுத்தமில்லை என்பது அங்கே நம்பிக்கை, அதனால்தான் பட்டம் இவருக்கு வந்தது என்று வீடியோவில் சொன்னதும் கமெண்டில் ஒரே கும்மாளம். "காட்டுவாசிங்க", "இன்னும் கற்காலத்துல இருக்கானுங்க". எழுதியவர்களில் மூன்று பேர் எனக்கு நேரில் தெரிந்தவர்கள், ஒருவர் என் வீட்டில் சாப்பிட்டவர். அடுத்த முகூர்த்தத்துக்கு மொய்க் கவரை இடது கையால் நீட்டிப் பாருங்கள் நண்பரே, பெண்ணின் தாய்மாமன் உங்களை எந்தக் காலத்தில் வைக்கிறார் என்று பார்ப்போம்.

வடக்கே ஒருத்தன் நம் நிறத்தைச் சொன்னால் மூன்று நாளைக்கு ஹேஷ்டேக் ஓட்டுகிறோம். ஓட்டுங்கள், நானும் வருகிறேன். அதே ஆட்கள் ஒரு கறுப்பு முகத்துக்கு மேல் கிரீடத்தைப் பார்த்ததும் இப்படி விழுந்து விழுந்து சிரித்தால், என்னை "ஆப்பிரிக்கா ஏஜெண்ட்" என்றால், எனக்கு வலிக்காதா? இங்கிலாந்தில் 70 வயது தாண்டியவர் தலையில் கிரீடம் வைத்தபோது ராத்திரி வரை நேரலை பார்த்தவர்கள்தானே நீங்கள்!

ஹோ நகரத்து அசோக்லிப் பெருந்தலைவர் டோக்பே அஃபெடே 14, தேசியத் தலைவர்கள் மன்றத்தின் தலைவராக இருந்தவர், 2022இல் ஒரு வேலை செய்தார். அரசு ஆலோசனை சபையில் இருந்ததற்காகக் கணக்கில் வந்து விழுந்த 3,65,000 செடிக்கு (கானா நாணயம்) மேலான தொகையை, இது எனக்குச் சேர வேண்டியதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். கானாவில் அதை நாள்கணக்கில் பேசினார்கள். இதற்கு ரீல்ஸ் போட ஆளில்லை.

கமெண்டை மூடவில்லை. தகவல் தப்பு என்றால் சொல்லுங்கள், சண்டை போடுங்கள், பீடமே வேண்டாம் என்று வாதாடுங்கள், நானே பாதிக்குப் பாதி ஒத்துக்கொள்வேன். "காட்டுவாசி" என்று எழுதுகிறவர் யாராக இருந்தாலும், என் வீட்டில் சாப்பிட்டவராகவே இருந்தாலும், பிளாக்தான்.