ஒரிஜினல்தான் சார்!

மூன்றாவது தடவையாக ஃபியூஸ் போயிருக்கிறது. ராத்திரி பதினொன்றே முக்கால். அறை முழுக்கக் கருகல் வாடை, இடது கட்டைவிரலில் சால்டரிங் அயர்ன் சுட்ட கொப்புளம். யாரிடமாவது கத்தியே ஆக வேண்டும். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், அதனால் உங்களிடம் கத்துகிறேன்.

விஷயம் ஒரு பழைய பேஸ் கிடார் ஆம்ப், அதாவது கிடாரின் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி. 1970-களின் அமெரிக்க டிரான்சிஸ்டர் சரக்கு, நாற்பது வாட். கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. அதன் வயதையே வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் குத்தியிருந்த 1377423 என்ற எண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். 137 என்பது சி.டி.எஸ். என்ற அமெரிக்க உதிரிபாகக் கம்பெனியின் குறி, 74 வருடம், 23 அந்த வருடத்தின் வாரம். கடலைத் தாண்டி எப்படி வந்ததோ, சென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவில் வருடக்கணக்காகக் கல்யாணக் கச்சேரி பார்த்த பெட்டி. அதில் பேஸ் வாசித்த அண்ணன் வயதாகிவிட்டதென்று என்னிடம் கொடுத்தார். "வச்சுக்கோ தம்பி, நல்லா பாடும்" என்றார். பாடியது, போன மாதம் வரை.

முதலில் தடித்த ஈ கம்பி காணாமல் போனது. கம்பி அதிர்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, சத்தத்தில் மட்டும் வயிறு இல்லை. கூடவே ஒரு "ங்ங்ங்" இரைச்சல். இதுவரை எனக்குக் கோபமே கிடையாது. வயதான பெட்டி, கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும், நியாயமான வியாதி. ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் 2000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எட்டு ஓம் ஸ்பீக்கரோடு அது சத்தத்தைச் சுமார் 10 ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்க விடும். கழற்றி அளந்தால் இருநூறு சொச்சம்தான் மிச்சம். அப்படியானால் 100 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே கதவைச் சாத்த ஆரம்பித்துவிடும். ஈ கம்பியோ 41 ஹெர்ட்ஸ். பேஸ் எங்கிருந்து வரும்? அதை மாற்றினேன், பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்களையும் மாற்றினேன். இரைச்சல் போச்சு, வயிறு வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்த வேலை.

இருபது நிமிடம் வாசித்திருப்பேன். டப்.

இங்கிருந்துதான் மனிதர்களின் திருவிளையாடல். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் இரண்டையும் கழற்றிப் பார்க்கிறேன். டி.ஓ.3 வகை, உலோகத் தொப்பி போட்டது. அந்தத் தொப்பிதான் கலெக்டர், டிரான்சிஸ்டரின் மூன்று முனைகளில் ஒன்று, அதிலே வோல்ட்டேஜ் நிற்கும். அதனால் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்கோடு ஒட்டாமல் நடுவில் மைக்கா தகடு போடுவார்கள். ஒன்றின் அடியில் மைக்கா இருந்தது. இன்னொன்றின் அடியில் என்ன இருந்தது தெரியுமா? பாலித்தீன் பை! கத்தரியால் வெட்டி, திருகுக்கு இரண்டு ஓட்டை வேறு அழகாகப் போட்டிருக்கிறார், எனக்கு முன்னால் இதைப் பழுது பார்த்த ஒரு முன்னோர். டிரான்சிஸ்டர் சூடாகும், பாலித்தீன் உருகும், அடுத்து ஷார்ட். அந்த மகானின் இரண்டாவது சாதனை, ஃபியூசைச் சுற்றியிருந்த சிகரெட் பெட்டி ஜிகினாத்தாள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று ஃபியூசுக்கே சட்டை போட்டுவிட்டார்! அண்ணே, நீங்கள் எங்கிருந்தாலும் நல்லா இருங்கள். ஆனால் மறுபடி சால்டரிங் அயர்னைத் தொடாதீர்கள்.

சரி, டிரான்சிஸ்டரை மாற்றலாம் என்றால் அதன் மேல் என்ன எண் போட்டிருக்கிறது? கம்பெனியின் சொந்த எண். உள்ளே இருப்பது சந்தையில் கிடைக்கும் சாதாரண சரக்கு, அதன் மேல் தங்கள் எண்ணை மட்டும் அச்சடித்து, "எங்களிடம்தான் வாங்க வேண்டும்" என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் செய்த வேலை. இப்போது இவர்களும் இல்லை, பட்டியலும் இல்லை. சர்க்யூட் படமும் கிடையாது. அதற்கும் முந்தைய வால்வ் ஆம்ப்களில் பாருங்கள், பலவற்றில் பெட்டிக்குள்ளேயே படத்தை ஒட்டி வைத்திருப்பான். அவன் மனுஷன்.

மூன்று ராத்திரி பழுப்பு நிற போர்டைப் புரட்டிப் புரட்டி நானே படம் வரைந்தேன். அவுட்புட்டின் மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டும் என்.பி.என். வகை, ஒன்று அதற்கு நேர் எதிரான பி.என்.பி. ஆக இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் நல்ல சிலிக்கான் பி.என்.பி. பவர் டிரான்சிஸ்டர் கிடைப்பது அரிது, விலையும் அதிகம், அதனால் இப்படி ஒட்டுப்போட்டுச் சமாளித்தார்கள். சப்ளை 56 வோல்ட், இரண்டு பாதியும் சேரும் நடுப்புள்ளியில் 28 நிற்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் வந்து நிற்பது நம்ம 2என்3055. ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்கக் கம்பெனி 1960-களில் கொண்டுவந்து உலகமே பயன்படுத்திய டிரான்சிஸ்டர். இதை மறைக்கத்தான் இத்தனை ரகசியம்!

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன். எனக்கு அந்தத் தெரு மேல் பாசம் உண்டு. சின்ன வயதில் முதல் மல்டிமீட்டர் வாங்கிய இடம். ஒரு கடையில் கேட்டேன். பளபளவென்று இரண்டு வந்தது. "ஒரிஜினல்தானா?" "ஒரிஜினல்தான் சார்!" கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இடையில் குண்டு பல்பு புராணம் ஒன்று இருக்கிறது. பழுது பார்த்த ஆம்ப்பை நேராக கரண்டில் சொருகக் கூடாது. 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டு, அதன் வழியாகத்தான் முதலில் கொடுக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து கரண்டைத் தான் வாங்கிக்கொள்ளும், ஆம்ப் பிழைக்கும். (என் ஆம்ப் 117 வோல்ட் ஜாதி என்பதால் பல்புக்குப் பின்னால் வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேறு.) இந்த வேலைக்கு எல்.இ.டி. உதவாது. இழை சூடாகச் சூடாக அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறுவதுதான் சூட்சுமமே. இதை ஏழு கடைக்காரர்களிடம் விளக்கினேன். ஏழு பேரும் எல்.இ.டி.யைத்தான் நீட்டினார்கள், "கரண்டு மிச்சம் சார்" என்ற அறிவுரையோடு. எட்டாவது கடையில் ஒரு பாட்டி பரணிலிருந்து தூசி தட்டி ஒன்று எடுத்துக் கொடுத்தார். ஒன்றே ஒன்று.

புது டிரான்சிஸ்டர், புது மைக்கா, ஹீட்சிங்க் பேஸ்ட். பல்பு ஒரு நொடி மின்னி மங்கியது. நடுப்புள்ளியில் 28 வோல்ட். ஆஹா என்று பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்து, வால்யூமைப் பாதிக்குக் கொண்டுபோய் ஈ கம்பியைத் தட்டினால், டப். அவுட்புட்டைத் தூண்டிவிடும் டிரைவர் டிரான்சிஸ்டரும் சேர்ந்து காலி. இந்தப் பெட்டியில் எல்லாம் கைகோத்து நிற்கும், ஒன்று விழுந்தால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டுதான் விழும். மறுபடி வாங்கி மறுபடி போட்டேன். மறுபடி டப்.

இன்று செத்ததின் தலையை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். அவ்வளவு பெரிய தொப்பிக்குள் மிளகு சைஸில் ஒரு சில்லு. 15 ஆம்பியர் தாங்க வேண்டிய ஆசாமி! கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடுவில் ஒரே ஒரு ஸ்டூல் போட்டது போல இருக்கிறது. ஒரிஜினல்தான் சார். இனி நம்பகமான இடத்தில் உண்மையானதை வரவழைத்தாலும் நிம்மதி கிடையாது. இன்றைய 2என்3055 பழையதைவிட வேகமானது, பழைய சர்க்யூட்டில் போட்டால் சில சமயம் தானாகவே ஊளையிட ஆரம்பிக்கும்.

"தூக்கிப் போட்டுட்டு இந்தக் காலத்து கிளாஸ் டி ஆம்ப் ஒன்னு வாங்குடா, எடை இரண்டு மூணு கிலோதான்" என்கிறான் நண்பன். இன்னொருவன், "வால்வ் ஆம்ப்னா சரி, டிரான்சிஸ்டருக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்கிறான். பேஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் பேஸில் அந்தக் குரலை எடுத்தது அக்கூஸ்டிக் 360 என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்பில்தான்டா! ரோலண்டின் 1975 ஜே.சி.120 என்ற டிரான்சிஸ்டர் கிடார் ஆம்ப்பைக் கொடுத்தால் வேண்டாம் என்பாயா? பெயர் தெரிந்த பெட்டி என்றால் பொக்கிஷம், என்னுடையது என்றால் மட்டும் குப்பையா?

ஆத்திரத்தில் கையை வீசிக்கொண்டே இதைச் சொல்லி முடித்தபோது மேசையில் ஏதோ உருண்டது. பாட்டி கொடுத்த குண்டு பல்பு. தரையெல்லாம் கண்ணாடி. துடைப்பம் எங்கே இருக்கிறதென்று கேட்க, தூங்குகிறவர்களை எழுப்பவும் முடியாது.