பேர் அதே, கட்டை வேறே

போன வாரம் அக்கா மகன் கோவையிலிருந்து குன்னூருக்கு வந்தான். கையில் ஒரு ஷூ டப்பா. எண்பதுகளில் பேர் வாங்கிய ஓட்ட ஷூ ஒன்றை அதே கம்பெனி மறுபடி போட்டிருக்கிறது. பல மாசம் காசு சேர்த்து வாங்கியிருக்கிறான். "மாமா, குவைத் தாத்தா வச்சிருந்தாரே, அதே ஷூ!" என்றான். அந்தத் தாத்தா, அதாவது என் சித்தப்பா, 1989-ல் கொண்டுவந்த அந்த ஜோடி பரணில்தான் கிடந்தது. இறக்கிப் பூசணம் துடைத்து, மேஜையில் பேப்பர் விரித்து, புதுசுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

நிறம் அதேதான், தையல் வரிகூட அதேதான். ஆனால் பழையது முன்பக்கம் தாழ்ந்து ஒல்லியாக ஓடுகிறது. புதுசு விரல் பக்கம் பன் மாதிரி உப்பி நிற்கிறது. பையனுக்கு முகம் வாடிவிட்டது.

எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குத் தெரியும். அப்பா வெலிங்டன் ராணுவ ஆபீசர்களுக்கு பூட்ஸ் தைத்தவர். நான் ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் பதினோரு வருஷம் லாஸ்டிங் செக்‌ஷனில் நின்றவன்.

ஷூவுக்கு உருவம் கொடுப்பது தோல் இல்லை, உள்ளே நிற்கும் கட்டைதான். ஃபேக்டரியில் லாஸ்ட் என்போம். அதன் மேல்தான் அப்பரை, அதாவது ஷூவின் மேல்பகுதியை, இழுத்து ஒட்டுகிறோம். விரல் பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் ஏறினால் போதும், மொத்த முகமும் மாறிவிடும். அன்றைய லாஸ்ட் ஓடுகிறவன் காலுக்காகச் செய்தது. இன்றைக்கு வாங்குகிறவன் ஜீன்ஸோடு நாள் முழுக்கப் போட்டுத் திரிகிறான், அதனால் அகலம் கூட்டுகிறார்கள். சோல் அச்சு சைஸுக்கு ஒன்று வேண்டும், எல்லாம் உலோகம், விலையும் அதிகம். மாடல் நின்றுபோனால் அதை யாரும் காலாகாலத்துக்கும் வைத்துக் காப்பதில்லை. அப்புறம் எங்கேயாவது ஒரு பழைய ஜோடியைத் தேடி எடுத்து, அதைப் பார்த்து மறுபடி அளவெடுக்க வேண்டியதுதான். அந்த ஜோடியோ தோல் சுருங்கி, மூக்கு மேலே வளைந்து கிடக்கும்.

அதுவும் நம்ம மலை ஈரத்தில் கேட்கவே வேண்டாம். சித்தப்பா ஷூவின் நடு சோலை அழுத்தினேன், வர்க்கி மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. அது பாலியூரித்தேன், ஒரு வகை பிளாஸ்டிக் நுரை. காற்றிலுள்ள ஈரமே அதன் பிணைப்பை வெட்டிவிடும், காலில் போடாமல் டப்பாவிலேயே வைத்திருந்தாலும்.

இன்னொன்று, நேரம். அப்பா ஒரு பூட்ஸை ஒரு வாரமாவது கட்டையிலேயே விட்டுவைப்பார். எங்கள் லைனில் சூட்டில் ஒரு தடவை, குளிரில் ஒரு தடவை காட்டி, அன்றைக்கே லாஸ்டை உருவிவிடுவோம். தோல் கட்டையின் உருவத்தைப் பிடித்துக்கொள்ள அவகாசமே இல்லை. டோ பஃப் என்று விரல் பக்கம் உள்ளே ஒரு விறைப்பான துண்டு போட்டு முன்பக்கத்தை நிமிர்த்தி வைப்போம், அவ்வளவுதான்.

இதெல்லாம் நியாயமான காரணங்கள். எனக்கு வருத்தம் வேறு இடத்தில். நைக்கியின் கூடைப்பந்து ஷூ ஏர் ஜோர்டன் 1 வந்தது 1985-ல். 1994-ல் அதை மறுபடி போட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ நிறத்தில், எத்தனையோ தடவை. 2020-ல் '85 என்று பேரிலேயே போட்டு, பழைய வெட்டில், கழுத்து உயரமாகத் தனியாக ஒன்று விட்டார்கள். அப்படியானால் அதுவரை விற்றது எந்த வெட்டு? அதை ஏன் வாங்குகிறவனே கண்டுபிடிக்க வேண்டும்? கான்வர்ஸ் கம்பெனி தன் சக் என்கிற பழைய கான்வாஸ் ஷூவை 2013-ல் சக் 70 என்று போட்டது எனக்குப் பிடித்தது. எந்தக் காலத்து ஷூவைப் பார்த்துச் செய்தது என்று பேரிலேயே இருக்கிறது, சாதாரண சக்கும் பக்கத்திலேயே கிடைக்கிறது. வித்தியாசம் தெரிந்துதான் வாங்குகிறோம்.

ரிட்டயர் ஆன ஆபீசர் ஒருவர் பன்னிரண்டு வருஷம் கழித்து அப்பாவிடம் வந்தார். "அதே பூட்ஸ் வேணும்" என்றார். அவருடைய கட்டை சாக்கில்தான் இருந்தது, நம்பரெல்லாம் அழியாமல். அப்பா அதை எடுக்கவே இல்லை. முதலில் பேப்பரில் காலை வைக்கச் சொல்லி பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். கால் அகலமாகி, பெருவிரல் பக்கம் எலும்பு புடைத்திருந்தது. "சார், அதே தோல், அதே தையல் போடறேன். ஆனா பார்க்க அதே மாதிரி இருக்காது. சரின்னா சொல்லுங்க." அவர் சரி என்றார். அப்புறம்தான் கட்டையின் மேல் தோல் துண்டுகளை அடுக்கி ஒட்டி, அரம் போட ஆரம்பித்தார்.

அந்த ஒரு வரியைத்தான் ஷூ டப்பாவின் மேலே எதிர்பார்க்கிறேன். லாஸ்ட் மாறியிருக்கிறது, விரல் பக்கம் அகலம் கூடியிருக்கிறது என்று அச்சடிக்க எவ்வளவு இடம் வேண்டும்? காசு சேர்த்து வாங்குகிற பையன் அதைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

புதுசைப் போட்டுக்கொண்டு அவன் ஊருக்குப் போய்விட்டான். பழைய ஜோடியின் சோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, அப்பாவின் 8-ஆம் நம்பர் கட்டையை உள்ளே நுழைத்து வைத்திருக்கிறேன், தோல் இதற்கு மேல் சுருங்காமல் இருக்க.