பாதியாகக் குறைவது கூலிதான், செலவு அல்ல

தண்டையார்பேட்டை ரயில்வே யார்டில் சரக்கு வேகன் பழுதுபார்ப்பை ஒப்பந்தக்காரரிடம் விட்டால் செலவு பாதியாகும், கூலி பாதிதானே என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கணக்கு இடிக்கிறது. சக்கரம், பேரிங், பிரேக் கட்டை ஆகியவற்றின் விலை யார் மாட்டினாலும் குறையாது. வேலையைச் சரிபார்க்கும் ரயில்வே மேற்பார்வையாளரின் சம்பளமும் மிச்சமாகாது. கொருக்குப்பேட்டை கேட்டில் காத்திருக்கும்போது கவனியுங்கள்: வேகனின் பக்கவாட்டில் அடுத்த பராமரிப்புக்குத் திரும்பவேண்டிய தேதி வெள்ளை எழுத்தில் இருக்கும். அந்தத் தேதிக்குப் பட்டறைக்குள் போன வேகன் ஒரு நாள் கூடுதலாக நின்றால் அன்றைய சரக்குக் கட்டணம் போயிற்று. நண்பரின் கணக்கில் அந்த நாளே இல்லை. மாற்றிய பாகங்களை எண்ணி ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுத்தால், தேயாத கட்டையும் கழன்று வரும்! பெயின்ட் வேலையை ஒப்பந்தக்காரரிடம் விடுங்கள், ஆட்சேபணை இல்லை. மேலும், பெரம்பூர் ஐ.சி.எஃப்.பை நண்பர் வேகன் பட்டறை என்கிறார்; அது வேகன் பட்டறை அல்ல. பயணிகள் பெட்டி தயாரிக்கும் ஆலை.