ஓட்டுப் போட்டவர்கள் வேண்டாம் என்றா சொன்னார்கள்?
"ஃபேஸ்புக் விதிகளுக்கு ஓட்டுப் போடும் உரிமையை 2012-ல் பயனர்களே வேண்டாம்னு தள்ளிட்டாங்க" என்று சிலர் சொல்வது தலைகீழ். அந்த டிசம்பர் வாக்கெடுப்பில் விழுந்த 6,68,872 ஓட்டில் 5,89,141 அந்த உரிமையை நீக்கும் மாற்றத்துக்கு எதிரானவை. அதாவது 88 சதவீதம். ஆனாலும் தோற்றார்கள். செயலில் உள்ள பயனர்களில் 30 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டால்தான் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்பது விதி. அப்போது பயனர்கள் சுமார் நூறு கோடி, ஆக 30 கோடி ஓட்டு வேண்டும்! வந்தது ஒரு சதவீதம்கூட இல்லை. எட்டாத உயரத்தில் உறியைக் கட்டிவிட்டு, பூனைக்குப் பசியில்லை என்பதுபோல இருக்கிறது அந்த வாதம். இன்ஸ்டாகிராமுடன் பயனர் தகவலைப் பகிர வழிசெய்த மாற்றமும் வாக்கெடுப்புக்கு வந்த அதே தொகுப்பில்தான் இருந்தது.

எதிர்ப்பு பலித்தது 2009 பிப்ரவரியில். பயனர் கணக்கை அழித்த பிறகும் அவர் பதிவுகள்மீது ஃபேஸ்புக்கின் உரிமை தொடரும்படி செய்த திருத்தத்தை, கூச்சல் கிளம்பிய சில நாளில் திரும்பப் பெற்றார்கள். ஓட்டு முறையே அதற்குப் பிறகு வந்ததுதான்.