மஞ்சளில் கறுப்பு கலந்தால் பச்சைதான் வரும்

பொருளின் சொந்த நிறத்தோடு (விளக்கின் பளபளப்போ நிழலோ கலக்காத, பொருளுக்கே உரிய நிறம்) கறுப்பைக் கலந்தால் நிழல் வந்துவிடும் என்கிறது ஓவியத்தில் நிழல் தீட்டுவது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. எலுமிச்சம்பழம் வரையும்போது இதைச் செய்து பாருங்கள்: காட்மியம் மஞ்சள் என்ற பளீர் மஞ்சள் வண்ணத்தில் துளி ஐவரி பிளாக் என்ற கறுப்பு வண்ணம் விழுந்ததுமே பாசி பிடித்த மாதிரி பச்சையாகிவிடும். மஞ்சளோடு சேரும்போது அந்தக் கறுப்பு மங்கலான நீலம் போல நடந்துகொள்ளும். மஞ்சளோடு ரா சியன்னா (மஞ்சள் கலந்த மண் பழுப்பு), கூடவே மிகக் கொஞ்சம் ஊதா சேர்த்தால் நிழலிலும் பழம் மஞ்சளாகவே நிற்கும்.

சொந்த நிறத்தை எங்கே தேடுவது என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். பளபளக்கும் புள்ளியில் தெரிவது விளக்கின் நிறம் (பித்தளைச் சொம்பு விதிவிலக்கு, அதன் பளபளப்பிலும் மஞ்சள் ஏறியிருக்கும்). நிழலின் அடிவிளிம்பில் மேசைத்துணியின் நிறம் வந்து ஒட்டும். இரண்டுக்கும் நடுவே, வெளிச்சம் சாய்வாக விழும் பகுதிதான் நம்பகமானது. சாம்பல் நிற அட்டையில் பஞ்சிங் மெஷினால் ஒரு துளை போட்டு, கையை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் அந்த இடத்தை மட்டும் பாருங்கள். வெள்ளை அட்டை வேண்டாம், எல்லா நிறமும் இருண்டு தெரியும். கலந்த வண்ணத்தை ஓவியக் கத்தியின் நுனியில் எடுத்துத் துளைக்குப் பக்கத்தில் பிடித்தால் வித்தியாசம் உடனே பிடிபடும். அக்ரிலிக் காய்ந்தால் சற்று இருளும், வாட்டர்கலர் வெளிறும். அதற்கும் சேர்த்துத்தான் கலக்க வேண்டும்.