புது கண்டென்சராம், ஒரிஜினலாம்!

மறுபடியும் நின்றுவிட்டது. மறைமலையடிகள் பாலத்தின் நட்ட நடுவில், பின்னால் மாநகரப் பேருந்து ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு இருமல், ஒரு டப், அவ்வளவுதான், உயிர் போய்விட்டது. பழைய புல்லட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கண்டென்சர். அதுவும் பழசு இல்லை, புத்தம் புதுசு, நேற்று மாட்டியது.

டேங்கில் துரு, ஒட்டிப்போன கிளட்ச் பிளேட், கார்புரேட்டருக்குள் கோந்தாகக் காய்ந்து கிடந்த பெட்ரோல், இதையெல்லாம் சொல்லி நான் அழப் போவதில்லை. அதெல்லாம் நியாயமான தொல்லை. வருஷக்கணக்கில் மாடிப்படிக்கு அடியில் சாக்கு போர்த்திக் கிடந்த வண்டி வேறு எப்படி இருக்கும்? டேங்குக்குள் நட்டும் போல்ட்டும் போட்டுக் குலுக்கினால் துரு கொட்டிவிடும். கிளட்ச் பிளேட்டைக் கழற்றித் துடைத்தால் விட்டுவிடும். கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளை, அந்த ஜெட்டை ஊதினால் திறந்துகொள்ளும். பெரியப்பாவின் வண்டி என்னிடம் ஒரு வஞ்சகமும் செய்யவில்லை. செய்வதெல்லாம் கடையில் காசு கொடுத்து வாங்கிய புது சாமான்கள்தான்.

கண்டென்சர் என்ன பெரிய ராக்கெட்டா? கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு தகர டப்பி, அதன் வாலில் ஒரு ஒயர். எஞ்சின் சுற்றச் சுற்றக் கரண்டைத் துண்டிக்கிற குட்டி ஸ்விட்ச், அதாவது பாயின்ட், திறக்கிற நொடியில் அங்கே பொறி பறக்காமல் கரண்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், வேறு வேலையே கிடையாது. அதுகூட முடியவில்லை என்றால் பாயின்ட் கருகுகிறது, பெட்ரோலைக் கொளுத்த பிளக்கில் வர வேண்டிய நீலப் பொறி மஞ்சளாக மெலிந்து பல்லிளிக்கிறது. சாவதிலும் ஒரு குசும்பு பாருங்கள், குளிர்ந்திருக்கும்போது சாகவே சாகாது. காலையில் ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் எஞ்சின் அழுத்தத்தை விடுவிக்கிற டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, கிக்கரைக் கொஞ்சம் தள்ளி, விட்டு, ஒரே உதை, எதிர் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிற மாதிரி கம்பீரமாக ஓடும். எஞ்சின் சூடானதும், அதாவது வீட்டிலிருந்தும் மெக்கானிக்கிடமிருந்தும் சம தூரத்தில், சரியாக அங்கே, நிற்கும். ஆற வைத்தால் மறுபடி ஓடும். ஒரேயடியாகச் செத்துத் தொலைத்தாலாவது குப்பையில் போட்டிருக்கலாம்.

போன வாரம் முதலாவது புதுசு செத்ததும் அதை எடுத்துக்கொண்டு ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். இந்த உரையாடலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், அதனால் நீங்களும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கடைக்காரர் அதைக் கையில் வாங்கினார். மேலே கீழே பார்த்தார். அப்புறம், சத்தியமாகச் சொல்கிறேன், காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

“நல்லாத்தானே சார் இருக்கு?”

கண்டென்சரைக் குலுக்கினால் என்ன கேட்கும்? தேங்காயா அது, தண்ணீர் ஆடுகிறதா என்று பார்க்க? சரி, பொறுமை. “சூடானா வண்டி நின்னுடுதுங்க” என்றேன்.

“பழைய வண்டி சார். சூடானா நிக்கத்தான் செய்யும்.”

“இதை மாட்டின பிறகுதாங்க நிக்குது.”

“மெக்கானிக் சரியா மாட்டியிருக்க மாட்டான்.”

ஒரு ஸ்க்ரூ. ஒரு ஒயர். இதில் தப்பாக மாட்டுவதற்குத் தனியாகப் படித்துவிட்டு வர வேண்டும். அதையும் சொன்னேன். உடனே அடுத்த அஸ்திரம்: “இப்ப வர்ற பெட்ரோல் அப்படி சார். எல்லாம் எத்தனால்.” அய்யா, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய ரப்பர் ட்யூப் ஊறிப் பிசுபிசுக்கும், ஒப்புக்கொள்கிறேன், தண்ணீரை உறிஞ்சி டேங்க் அடியில் சேர்க்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்டென்சர் இருப்பது பாயின்ட் பெட்டிக்குள். அங்கே பெட்ரோல் போனால் வண்டி நிற்காது, எரியும்! இதற்கு அவர் பதில் சொல்லவில்லை. விரலை மட்டும் தூக்கி மேலே காட்டினார். லட்சுமி படத்துக்கு நேர் கீழே போர்டு, “எலக்ட்ரிகல் சாமான் திரும்பப் பெறப்படாது”. எத்தனை பேர் திரும்பக் கொண்டுவந்திருந்தால் இப்படிப் பெயின்ட் அடித்தே எழுதி வைத்திருப்பார்கள்!

அப்புறம்தான் அந்த மனுஷன் குரலைத் தாழ்த்தி, ஏதோ குடும்ப ரகசியம் சொல்வதுபோல, “சார், நல்லது வேணும்னா புதுப்பேட்டை போங்க. கழட்டின வண்டில பழசு கிடைக்கும். அதுதான் நிக்கும்” என்றார். புது சாமான் விற்கிற ஆளே பழசை வாங்கச் சொல்கிறார்! அப்படியானால் அந்த அட்டைப் பெட்டி எதற்கு, அதில் பளபளவென்று ஹாலோகிராம் எதற்கு, ‘ஒரிஜினல்’ என்று அத்தனை பெரிய எழுத்து எதற்கு? அதைவிட வேடிக்கை, இதையெல்லாம் கேட்ட பிறகும் அவரிடமே இன்னொன்று வாங்கிக்கொண்டு வந்தேன். புதுப்பேட்டை அன்றைக்கு லீவு, வேறு என்ன செய்ய? அந்த இரண்டாவதுதான் இன்றைக்குப் பாலத்தில் சமாதியானது.

எரிச்சல் எங்கே வருகிறது என்றால், இது நடப்பது சென்னையில். புல்லட்டின் சொந்த ஊரில். 1955இல் ராணுவ ஆர்டரை நம்பி என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் ஆலை போட்டு, இங்கிலாந்து என்ஃபீல்டுக்காரன் கடையைக் கட்டிய பிறகும் அதே 346 சிசி, அதே வலது கால் கியர் என்று விடாமல் செய்துகொண்டிருந்த ஊர் இது. பெரியப்பாவின் வண்டி 1984 மாடல், இங்கிருந்துதான் போயிருக்கிறது. அதில் வந்த கண்டென்சரை மாற்றியதாக அவருக்கே ஞாபகம் இல்லை. இன்றைக்குச் செல்போனுக்குள் நூற்றுக்கணக்கில் பொடிப்பொடியாகக் கெப்பாசிட்டர் வைக்கத் தெரிகிறது, அதே சாமானைத் தகர டப்பியில் போட்டு எஞ்சின் சூடு தாங்க வைக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

ராயப்பேட்டை மெக்கானிக் பாய்க்கு போன் போட்டேன். எடுத்ததும் சிரித்தார். “நின்னுடுச்சா தம்பி? எங்க, பாலமா?” என்று இடம் உட்படச் சொல்கிறார்! “நேத்தே தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கலாமே பாய்?” என்றால், “நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்க” என்கிறார். அவரிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய கண்டென்சர் இருக்கிறதாம், அதில் ஒன்று போட்டுத் தருகிறாராம். இதை முதலிலேயே... வேண்டாம், விடுங்கள்.

160 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பைத் தள்ளிக்கொண்டு சின்னமலை வந்து, எஞ்சின் ஆறட்டும் என்று டீக்கடை ஓரம் உட்கார்ந்துதான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்தவனைச் சும்மா விடுவார்களா? “சோக் போட்டீங்களா?”, “ப்ளக்கைக் கழட்டிப் பாருங்க”, “விண்டேஜ் வண்டியா பாஸ், குடுக்கறீங்களா?” அரசாங்கக் கணக்குப்படி இது விண்டேஜும் இல்லை, 2021இல் வந்த விதிப்படி அதற்கு 50 வயது ஆக வேண்டும். இது வெறும் பழசு. ஆர்சி புதுப்பிக்கப் போனால் மட்டும் அந்தப் பழசுக்கு விலை உண்டு, 300 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022இல் 1000 ஆக்கினார்கள், 2025இல் இருபது வயது தாண்டிய பைக்குக்கு 2000 ஆக்கிவிட்டார்கள். “எவ்வளவுக்குக் குடுப்பீங்க?” என்று கடைசியாகக் கேட்ட பையனிடம், “கண்டென்சர் இல்லாம ஒரு விலை, இருந்தா அதைவிடக் கம்மி” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்குத்தான் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது, தனியாக, நடுரோட்டில், கையெல்லாம் கிரீஸோடு.

சரி அதை விடுங்கள். இந்த டீயைச் சொல்லுங்கள். பதினைந்து ரூபாய். கொடுப்பது சாமிக்குத் தீர்த்தம் கொடுக்கிற அளவில் ஒரு பேப்பர் கப், அதிலும் பாதி நுரை, மெழுகு வாசனை இலவசம். இரண்டாவது வாய்க்கு டீ இல்லை. “அண்ணே, கிளாஸ்ல குடுங்களேன்” என்றால், “கிளாஸ் எல்லாம் நிறுத்தியாச்சு தம்பி” என்கிறார், கையில் நுனிவரை நிறைந்த கண்ணாடி கிளாஸை வைத்து உறிஞ்சிக்கொண்டே. அப்போ அது என்ன என்று கேட்டேன்.

“இது மாஸ்டருக்கு.”