மச்சத்தின் மேல் நின்ற படைவீரர்கள்

"படைவீரர்கள் இரவு முழுவதும் மச்சத்தின் மேல் வரிசையாக நின்று கப்பலுக்காகக் காத்திருந்தார்கள்."

மெய்ப்புத் திருத்துவதற்காக என்னிடம் வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இந்த வரி இருந்தது. சிரித்து முடித்த பிறகு ஒரு மரியாதையும் வந்தது. பிரதி முழுக்க வேறெங்கும் தடுக்காத தமிழ். எழுதியவருக்கு மொழி கைவந்திருக்கிறது. அகராதியையும் பார்த்திருக்கிறார், அதன் முதல் வரியோடு நின்றுவிட்டார், அவ்வளவுதான்.

நூல் இரண்டாம் உலகப் போரைப் பற்றியது. 1940 மே மாத இறுதியில், பிரான்சின் டன்கிர்க் துறைமுகத்தில் ஜெர்மானியப் படைகளிடம் சிக்கிக்கொண்ட நேச நாட்டு வீரர்களைக் கடல் வழியாக மீட்ட கதை. மூலத்தில் இருந்தது 'மோல்' (mole) என்ற ஆங்கிலச் சொல். தோலில் இருக்கும் மச்சத்துக்கும் அதுதான் பெயர், ஆனால் இங்கே குறிப்பது வேறு. துறைமுகத்தை அலையிலிருந்து காக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய சுவர் அது. டன்கிர்க்கின் கிழக்குச் சுவர் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம், மேலே குறுகலான மரநடைபாதை. கப்பல் வந்து அணைவதற்காகக் கட்டியதே அல்ல. வேறு வழியில்லாமல் அதிலேயே கப்பல்களைக் கட்டி ஆட்களை ஏற்றினார்கள். மீட்கப்பட்ட 3,38,226 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள் கடற்கரை மணலிலிருந்து அல்ல, துறைமுகத்திலிருந்தும் இந்தச் சுவரிலிருந்தும்தான் தப்பினார்கள். அத்தனை பேரையும் நம் மொழிபெயர்ப்பாளர் ஒரு மச்சத்தின் மேல் நிற்க வைத்துவிட்டார்.

பிரதியின் ஓரத்தில் "அலைதடுப்புச் சுவர்" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். போக முடியவில்லை. மூன்று நாட்களாக இந்த ஒரு சொல்லோடுதான் குடித்தனம். அதனால்தான் இவ்வளவு நீளமான பதிவு.

'ஒரு சொல்லுக்குப் பல பொருள்' என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். மோல் விஷயத்தில் இது அப்பட்டமான தவறு. மோல் என்பது ஒரு சொல் அல்ல. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காலங்களில் பிறந்து, ஒன்றுக்கொன்று முகம் தெரியாத சொற்கள் ஒரே சட்டையை மாட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் நிற்கின்றன. நல்ல ஆங்கில அகராதிகள் இதை மறைப்பதில்லை. தலைச்சொல்லின் தோளில் 1, 2, 3 என்று குட்டி எண் போட்டுத் தனித்தனிப் பதிவாகக் கொடுக்கின்றன. அந்த எண்ணைத்தான் நம் கண் தாண்டிப் போய்விடுகிறது.

தமிழிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. தேங்காயின் கண், மூங்கிலின் கண், நம் முகத்தின் கண் எல்லாம் ஒரே சொல்லின் கிளைகள். ஆனால் ஓடுகிற ஆறும் எண் ஆறும் அப்படி அல்ல. ஓடுகிற ஆறு பழந்தமிழில் 'யாறு'. முன்னால் இருந்த யகரம் தேய்ந்து போனதால் எண்ணோடு வந்து ஒட்டிக்கொண்டது. முன்னது குடும்பம், பின்னது ஒரே பெட்டியில் பயணம் செய்கிறவர்கள். இரண்டையும் 'பலபொருள் ஒருசொல்' என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இனி மச்சத்துக்கு வருகிறேன். தோலில் இருக்கும் மோல் பழைய ஆங்கிலத்தின் 'மால்'. கறை, புள்ளி என்று பொருள். முதலில் துணியில் படிந்த கறைக்குத்தான் அதிகம் வழங்கியது, பிறகு உடம்புக்கு ஏறியது. பழைய ஆங்கிலத்தின் நெடில் ஆகாரம் காலப்போக்கில் ஓகாரமாகத் திரும்பிவிட்டது. 'ஸ்தான்' என்ற கல் 'ஸ்டோன்' ஆனது, 'பான்' என்ற எலும்பு 'போன்' ஆனது. அதே ஓட்டத்தில் மால், மோல் ஆனது. தன் வழியில் போய்க்கொண்டிருந்த ஒரு சொல், ஒலி மாறியதால் மற்றவர்களின் வீட்டு வாசலில் வந்து நின்றது.

விலங்கு தனிக்கதை. மண்ணுக்குள் சுரங்கம் தோண்டி வாழும், வெல்வெட் போன்ற கருமயிர்கொண்ட சின்னப் பிராணி. ஆங்கிலத்தில் இதன் பழைய பெயர்களில் ஒன்று 'மோல்ட்வார்ப்'. மோல்ட் என்றால் மண், வார்ப் என்றால் எறிவது. மண்ணை எறிகிறவன்! இதன் தலைப்பகுதி மட்டும் மிஞ்சியதுதான் மோல் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ஜெர்மன் மொழியில் இன்னும் வேடிக்கை. அங்கும் பழைய பெயருக்கு மண்ணெறிவான் என்றுதான் பொருள். மண்ணைக் குறித்த அந்தப் பழஞ்சொல் வழக்கொழிந்ததும் மக்கள் காதுக்கு எட்டியதைக்கொண்டு 'மௌல்வுர்ஃப்' என்று ஆக்கிவிட்டார்கள். 'மௌல்' என்றால் விலங்கின் வாய். ஆக, இன்றைய ஜெர்மானியர் காதில் அது வாயால் எறிகிற பிராணி. உண்மையில் அது எறிவது மண்வெட்டி போன்ற முன்னங்கால்களால். வாய்க்கு வேறு வேலை இருக்கிறது: மண்புழுவைக் கடித்துச் செயலிழக்கச் செய்து, உயிரோடு வளைக்குள் சேர்த்து வைக்கும்.

இந்த இடத்தில் ஒரு வாக்குமூலம். பல ஆண்டுகளாக நான் ஒரு கதை சொல்லித் திரிந்தேன். மோல் தோண்டும்போது தரையில் சிறு மண்மேடு எழும்பும் அல்லவா, தோலில் எழும்பும் சிறு மேடும் அதைப்போல இருப்பதால் அதற்கும் மோல் என்று பெயர், கடலில் கல்லைக் கொட்டி எழுப்பிய மேடும் மோல்தான் என்று. கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எவ்வளவு பொருத்தம்! ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை. சொல்லாராய்ச்சி என்ற பெயரில் உலவும் பெரும்பாலான சரக்கு இந்த ரகம்தான். ஒலி ஒத்துப்போகிறது, பொருளைக் கொஞ்சம் இழுத்தால் எட்டுகிறது, உடனே ஒரு கதை. அந்தச் சொல் எந்த நூற்றாண்டில் எந்த வடிவத்தில் எழுதப்பட்டது என்று கேட்டுவிட்டால் கதை அங்கேயே படுத்துவிடும். கேட்கத்தான் ஆள் இல்லை. நானும் கேட்கவில்லையே!

இந்தப் பிராணியைத் தமிழில் என்னவென்று சொல்வது? அகராதி 'அகழெலி' என்கிறது. அழகான சொல், ஆனால் இது எலி இனமே அல்ல. சிலர் மூஞ்சூறு என்று எழுதுகிறார்கள், அது வேறு குடும்பம். பெருச்சாளி என்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. தமிழ் வழங்கும் நிலத்தில் வாழாத ஒரு பிராணிக்குத் தமிழில் ஊறிய பெயரைத் தேடினால் எங்கே கிடைக்கும்? அகழெலிக்கே என் ஓட்டு. உயிரியல் பிசகினாலும் படம் மனத்தில் விழுகிறது.

அது தோண்டிய மேடு ஒன்று இங்கிலாந்தின் அரியணையை ஆட்டியிருக்கிறது. 1702இல் மன்னர் மூன்றாம் வில்லியமின் குதிரை ஓர் அகழெலி மேட்டில் இடறியது. விழுந்த மன்னருக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது, சில வாரங்களில் இறந்துபோனார். அவர் வருகையால் முடியிழந்த இரண்டாம் ஜேம்ஸின் ஆதரவாளர்கள் அதன்பின் மதுக்கிண்ணத்தை உயர்த்தி, "கறுப்பு வெல்வெட் அணிந்த சின்னக் கனவானுக்கு" என்று வாழ்த்துச் சொல்லிக் குடித்தார்களாம். அரச விசுவாசம் இப்படியும் வெளிப்படும்.

உளவாளியைக் குறிக்கும் மோல் இந்த விலங்கின் கிளைதான். இங்கே மட்டும் 'ஒரு சொல், பல பொருள்' என்று தாராளமாகச் சொல்லலாம். இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் வரலாற்றை 1622இல் வெளியிட்ட ஆங்கிலச் சிந்தனையாளர் பிரான்சிஸ் பேக்கன், மறைவாக வேலை செய்பவர்களை அதிலேயே அகழெலிகளுக்கு ஒப்பிட்டுவிட்டார். ஆனாலும் எதிரியின் அமைப்புக்குள் ஆண்டுக்கணக்கில் நல்லவனாக வாழும் ஒற்றன் என்ற பொருள் உலகம் முழுக்கப் பரவியது 1974இல் உளவுக் கதைகள் எழுதிய ஜான் லெ காரேயின் நாவல் வந்த பிறகுதான். நம் செய்தித்தாள்கள் இதற்குக் 'கறுப்பு ஆடு' என்று எழுதுகின்றன. எனக்கு ஒப்பவில்லை. மந்தையில் கறுப்பு ஆடு நின்றால் தூரத்திலிருந்தே தெரியும். இவன் தெரியவே கூடாது, அதுதானே அவன் தொழில்! புல்லுருவி என்றாலும் மரத்தின் மேல் தெரிந்துவிடும். கோடாரிக்காம்பு நெருங்கி வருகிறது, ஏனென்றால் தன் இனத்தையே வெட்டும் மரத்துண்டு அது. ஆனால் அதில் ஒளிந்திருத்தல் இல்லை. 'உள்ளிருக்கும் ஒற்றன்' என்று நீட்டி எழுதுவதே நேர்மை என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், நன்றியோடு எடுத்துக்கொள்வேன்.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் முதல் அங்கத்திலேயே இரண்டு மோல்களும் வருகின்றன என்பதை இந்த மூன்று நாட்களில்தான் கவனித்தேன். நான்காம் காட்சியில், பிறவியிலேயே ஒருவரிடம் அமைந்துவிடும் குறையைச் சொல்லும்போது மச்சம். அடுத்த காட்சியில், நிலத்துக்கு அடியிலிருந்து குரல் கொடுக்கும் தந்தையின் ஆவியை இளவரசன் கிழட்டு அகழெலி என்று அழைக்கிறான். தமிழாக்கும்போது இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டால் ஆவிக்கே பொறுக்காது.

கடற்சுவர் மோல் லத்தீன் வழி வந்தது. 'மோலெஸ்' என்றால் பெரும் குவியல், பாரம், பிரம்மாண்டமான கட்டுமானம். இத்தாலி, பிரான்சு வழியாக ஆங்கிலத் துறைமுகங்களுக்கு வந்து சேர்ந்தது. கட்டியதைக் குலைப்பதற்கான 'டெமாலிஷ்' இதன் உறவு. பெரும் பாரமான இதற்குக் குட்டி வடிவம் ஒன்றும் உண்டு. சின்னஞ்சிறு பாரம் என்ற பொருளில் 'மாலிக்யூல்', நம் மூலக்கூறு. அந்த மூலக்கூறின் ஜெர்மன் வடிவத்தைச் சுருக்கி வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1890களில் உண்டாக்கியதுதான் வேதியியலின் மோல். அதாவது, டன்கிர்க்கில் வீரர்கள் நின்ற சுவரும் வேதியியல் பாடத்தில் மாணவர்களை அழவைக்கும் அலகும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். தோற்றத்தில் துளி ஒற்றுமை இல்லாத இவைதான் உறவு. ஒற்றுமை இருப்பதாக நான் கதைகட்டிய மச்சமும் மண்மேடும் அந்நியர்கள். எனக்கு இந்தச் சொல் செய்த பெரிய அவமானம் இதுதான்.

ஆஸ்ட்வால்ட் விஷயத்தில் இன்னொரு சுவையும் உண்டு. பெயர் வைத்த காலத்தில் அவருக்கு அணுக்கள் மெய்யாகவே இருக்கின்றன என்பதில் நம்பிக்கை கிடையாது. அவருடைய மோல் வெறும் எடைக்கணக்கு. இன்றோ அது எண்ணிக்கை. 2019 மே 20 முதல், ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 பெருக்கல் பத்தின் 23ஆம் அடுக்கு துகள்கள். ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேலாக, 18 கிராம் தண்ணீரை எடுத்தால் ஏறக்குறைய அத்தனை மூலக்கூறுகள் அதற்குள் இருக்கும். அணுவை நம்பாதவர் வைத்த பெயர், அணுவை எண்ணும் அலகாகிவிட்டது.

மருத்துவர்கள் வாயில் ஒரு மோல் இருக்கிறது. கருப்பையில் கருவாக வளராமல் திரளும் அசாதாரணத் திசு. இதன் மூலம் திரிகைக்கல்லைக் குறிக்கும் லத்தீனின் 'மோலா'. மோலெஸ் வேறு, மோலா வேறு, குழம்பிவிட வேண்டாம். உணவை அரைக்கும் கடைவாய்ப்பல்லுக்கு 'மோலார்' என்று பெயர் வந்ததும் மோலாவால்தான். தீக்குளிப்பு என்ற பொருளில் இன்று செய்திகளில் வரும் 'இம்மோலேஷன்' என்ற சொல்லும் இந்தத் திரிகையில் அரைத்ததே. ரோமானியர்கள் பலி கொடுக்கும் முன் அந்த விலங்கின் மேல் உப்புக் கலந்த மாவைத் தூவுவார்கள், அந்த மாவுக்கும் மோலா என்று பெயர். மாவு தூவுவது பலியானது, பலி நெருப்பானது. திரிகைக்கல் போல வட்டமாக இருப்பதால் ஒரு பெரிய கடல்மீனுக்கும் அறிவியலார் 'மோலா மோலா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் மச்சம் என்றால் மீனும்தான், அது வடமொழி மத்ஸ்யத்திலிருந்து வந்தது. நம் மச்சமும் இரண்டு சொற்கள் ஒரு சட்டையில் நிற்கும் கதைதான் போலிருக்கிறது.

மெக்சிகோவின் மோலே பற்றி இரண்டு வரி போதும். நாவாட்டில் மொழியில் 'மோல்லி' என்றால் குழம்பு. அவகாடோ பழத்தை மசித்துச் செய்யும் குவாக்கமோலேயின் வாலில் இருப்பதும் அதுவே. ஆங்கில எழுத்தில் இதற்கும் அதே நான்கு எழுத்துகள், ஆனால் உச்சரிப்பு வேறு. நம் எழுத்தில் மோல், மோலே என்று ஒரே பார்வையில் பிரிந்துவிடுகிறது. தமிழ் எழுத்தை நினைத்து அன்று கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

சரி, அந்தப் பிரதிக்கு வருகிறேன். இத்தனையையும் படித்துக் களித்துவிட்டு, மொழிபெயர்ப்பாளருக்கு ஒரே ஒரு வரிக் குறிப்புதான் அனுப்பினேன்: "மச்சம் தவறு, அலைதடுப்புச் சுவர் என்று மாற்றவும்." நல்ல மனிதர், உடனே மாற்றி அனுப்பினார். கணினியில் தேடி, ஒரே சொடுக்கில், நூல் முழுவதும் மாற்றியிருக்கிறார்.

திருத்திய பிரதியின் 112ஆம் பக்கத்தில், இடது கன்னத்தில் சிறியதாக ஓர் அலைதடுப்புச் சுவர் கொண்ட இளம் சிப்பாய் ஒருவன் கப்பல் ஏறுகிறான்.